புதிய மாஸ்ஃபெட் பொருத்தியதும் ஷார்ட் ஆகிறது: நிலைமின்சாரமா?

கேள்வி (விளக்குப் பிரியன்): சென்னையில் வீட்டிலேயே எல்இடி கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்கிறேன். 2என்7000 மாஸ்ஃபெட்டுகளை (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு மின்னணு சுவிட்சுகள்) தெர்மாகோலில் குத்தி வைத்திருக்கிறேன். சால்டர் செய்து முடித்ததும் பலவற்றில் கேட் காலுக்கும் (சுவிட்சைக் கட்டுப்படுத்தும் கால்) சோர்ஸ் காலுக்கும் இடையே மல்டிமீட்டர் ஷார்ட் காட்டுகிறது. ஏசி அறைதான், ஆனால் எனக்கு ஒருமுறைகூட ஷாக் அடித்ததில்லை. உடலின் நிலைமின்சாரத்தை எர்த்துக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை வாங்கினால் தீருமா?

பழைய ரேடியோ: முதலில் அந்தத் தெர்மாகோலைத் தூக்கி எறியுங்கள் ஐயா. உரசினாலே மின்னேற்றம் பிடிக்கும் பொருள் அது. ஷாக் அடிக்கவில்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது: விரலுக்கு உறைக்கவே சுமார் 3000 வோல்ட் வேண்டும், இந்த மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு வரம்பு 20 வோல்ட். கறுப்பு நிறக் கடத்தும் ஃபோமில் குத்தி வையுங்கள். பாகங்களைப் போட்டு வைக்கும் பைகளில், இளஞ்சிவப்புப் பை உரசலில் மின்னேற்றம் உண்டாவதைக் குறைக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வெள்ளி நிறப் பை. அதையும் மேசைவிரிப்பாகப் பயன்படுத்தாதீர்கள், பாதுகாப்பு உள்ளேதான்.

பட்டறைவாசி: ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பது உண்மை. ஆனாலும் சால்டர் செய்ததும் வரிசையாகப் போகிறது என்றால் என் சந்தேகம் வேறு. சால்டரிங் அயர்னின் பிளக்கில் எத்தனை முள்? சூடாக இருக்கும்போது நுனியில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

விளக்குப் பிரியன்: மூன்று முள். ஆனால் செருகியிருப்பது எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில். டெஸ்டர் மங்கலாக எரிகிறது!

பட்டறைவாசி: ஆள் அகப்பட்டுவிட்டான். ஹீட்டரிலிருந்து கசிவது எர்த்துக்குப் போக வழியில்லாமல் நுனியிலேயே நிற்கிறது. நீங்கள் அதை நேராகக் கேட் காலில் வைக்கிறீர்கள். சுவரில் உள்ள மூன்று முள் சாக்கெட்டில் செருகுங்கள். அங்கே எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டுவிட்டுப் போகும் புண்ணியவான்களும் உண்டு, அது உயிருக்கே ஆபத்து. பட்டையும் வாங்குங்கள், ஆனால் உள்ளே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தவறி 230 வோல்ட்டில் கை பட்டாலும், பட்டை வழியே ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்ளும் சிக்கனம் வேண்டாம்.

பழைய ரேடியோ: கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை முதலில் சால்டர் செய்துவிட்டு, மாஸ்ஃபெட்டைக் கடைசியில் வையுங்கள்.

விளக்குப் பிரியன்: ஏற்கெனவே செய்து முடித்து, ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும் பலகைகளை என்ன செய்வது?

பட்டறைவாசி: பாதி அடிபட்ட மாஸ்ஃபெட் இன்று ஓடும், பிறகு ஒருநாள் படுத்துவிடும், மீட்டரில் தெரியாது. விற்கப்போவதில் மாஸ்ஃபெட்டை மாற்றிவிடுங்கள். வீட்டு அலங்கார விளக்கு என்றால் நான் தொடமாட்டேன்.