ஜூலைல டிட்லிஸ் பனிமலைக்கு அம்மையக் கூட்டிட்டுப் போலாமா?

தக்கலைப்பொண்ணு:
சுவிட்சர்லாந்து போறோம், லூசர்ன்ல இருந்து ஒருநாள் டிட்லிஸ் போயிட்டு வரலாம்னு பிளான். அம்மையும் வாறாங்க, 64 வயசு, பிபிக்கு மாத்திர சாப்பிடுதாங்க. பேச்சிப்பாறை தணுப்பே அவங்களுக்குத் தாங்காது. கேபிள் கார்ல கூட்டிட்டுப் போலாமா?

குளச்சல்காரன்:
போலாம்க்கா, ஆனா டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, ஏன்னா கீழ கேபிள் கார் கிளம்புற எங்கல்பெர்க் ஊரு 1000 மீட்டர்தான், மேல ஸ்டேஷன் 3000 தாண்டிரும், அர மணிக்கூர்ல அவ்வளவு ஏறும்போ சிலருக்குத் தல சுத்தும் மூச்சு வாங்கும். நடுவுல ட்ரூப்ஸேன்னு ஒரு ஸ்டேஷன்ல இறங்கி ஏரிக்கரைல கொஞ்சம் இருந்துட்டு ஏறுங்க. காலைலயே போயிருங்க, மேகம் மூடிட்டா ஒண்ணும் தெரியாது.

நாரோயில் அக்கா:
கடைசியா ஏறுற பெட்டி ஒரு சுத்து முழுசா சுத்தும் மக்களே, அம்மை நின்ன எடத்துல இருந்தே எல்லாப் பக்கமும் பாக்கலாம். மேல இருக்க ஐஸ் குகைக்குள்ள தரை வழுக்கும், நல்ல ஷூ போட்டு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. பனி வெயில்ல கண்ணு கூசும், கூலிங்கிளாஸ் கட்டாயம். கோடைல ஐஸ் உருகாம இருக்க வெள்ளத் துணி விரிச்சு மூடி வச்சிருக்காங்க, அதப் பாத்து எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிட்டு, இங்க நம்ம கரையக் கடல் அரிக்கதையும் பாத்துட்டுத்தான இருக்கோம்.

தக்கலைப்பொண்ணு:
சரிக்கா, டாக்டர்ட்ட கேட்டுருதேன். ஸ்வெட்டர் அங்க போய் வாங்கவா?

நாரோயில் அக்கா:
வேண்டாம், இங்கயே எடுத்துரு, அங்க யானை வெலை.