ஓஓ அளவு மாதிரி ரயில்: ஜல்லியும் துருவேறிய நிலக்கரி வேகன்களும்

கேள்வி: 1950களின் பிரிட்டிஷ் ரயில்வே நிலக்கரிப் பாதையை ஓஓ எனப்படும் 1:76 அளவில் அமைத்து வருகிறேன். பசை விட்டதும் ஜல்லி மிதந்து குவிகிறது. 16 டன் வேகன்களோ பொம்மைபோலப் பளபளக்கின்றன. வழி கூறுங்கள்.

பதில் 1: ஜல்லியைத் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு தூரிகையால் சீராக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த நீரை மென்மையாகத் தெளித்து நன்கு நனைத்த பிறகே, நீர்த்த பிவிஏ எனும் வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிஜப் பாதையின் 50 மி.மீ. கல் இந்த அளவில் 0.7 மி.மீ.கூட வராது என்பதால் பொடி ஜல்லியே பொருந்தும்.

பதில் 2: வேகனுக்கு முதலில் பளபளப்பற்ற மேட் வார்னிஷ் அடியுங்கள். நிலக்கரி உராயும் உட்புறத்தில் துருநிறம் தாராளமாக இருக்கலாம்; வெளியே கதவின் அடியிலும் தகடுகளின் இணைப்புகளிலும் மட்டும் அந்நிறத்தை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றினால் போதும், பலர் இங்கேதான் மிகைப்படுத்துகிறார்கள்.

பதில் 3: சக்கரங்களின் உருளும் பரப்பைத் துடைத்துவிடுங்கள், அங்குள்ள வண்ணம் தண்டவாளத்தில் படிந்து இன்ஜினுக்குச் செல்லும் மின்சாரத்தைத் தடுக்கும்.