300 சதுர அடிக் கொல்லையில் நாலு பேருக்குக் காய்கறி: எது, எவ்வளவு, எப்போது?

வேலியோரம் (கேள்வி):
விழுப்புரம் பக்கம், செம்மண் பூமி. வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 15 அடி இடம் காலியாக இருக்கிறது. மேற்கே 20 அடி நீளத்துக்கு ஆளுயர மதில், அதனால் 3 மணிக்கு மேல் அந்தப் பக்கம் நிழல். போர் தண்ணீர், லேசாக உப்புக் கரிக்கும். ஆடிப்பட்டத்தில் தொடங்க எண்ணம். நாலு பேர் சாப்பாட்டுக்குக் கடையை எவ்வளவு தூரம் தவிர்க்கலாம்? எந்தச் செடி எத்தனை என்று எண்ணிக்கையோடு சொன்னால் நல்லது.

மண்வெட்டி:
முதலில் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் காய், கீரை என்று வைத்தால் நாலு பேருக்கு 1.2 கிலோ, வருடத்துக்கு 440 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் இடம் 28 சதுர மீட்டர். நன்றாகக் கவனித்தால் சதுர மீட்டருக்கு வருடம் 6 முதல் 8 கிலோ எதிர்பார்க்கலாம். ஆக, அதிகபட்சம் தேவையில் பாதி. கீரை, பச்சைமிளகாய், கறிவேப்பிலை மூன்றும் முழுசாக வீட்டிலேயே கிடைத்துவிடும். வெங்காயம், உருளை, கேரட்டுக்கு இந்த இடத்தில் ஒரு அடி கூட ஒதுக்க வேண்டாம். கடையில் வாங்குங்கள்.

விதைக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள். வீட்டை ஒட்டிய மண் பெரும்பாலும் கட்டட மிச்சம். மண்வெட்டி போட்டதும் காரைக்கட்டி, செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி தட்டுப்பட்டால் ஒரு அடி ஆழத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டு வேறு செம்மண் கொட்டுங்கள். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எத்தனை உரம் போட்டாலும் தேறாது. நன்கு மக்கிய தொழு உரம் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ, மொத்தம் 70 கிலோ. கையில் எடுத்தால் சாணி நாற்றம் இல்லாமல் மண் வாசம் வர வேண்டும். மக்காத சாணியில் வேர்ப்புழு வரும்.

எண்ணிக்கை: வெண்டை 20 (வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி), கத்திரி 6 (இரண்டடிக்கு ஒன்று), மிளகாய் 6, தக்காளி 8, கொத்தவரை 30. வெண்டையில் 20-க்குக் குறைத்தால் பிரயோஜனம் இல்லை. ஒரு செடி இரண்டு மூன்று நாளைக்கு ஒரு காய்தான் தரும், நாலு பேர் பொரியலுக்கு 25 காய் வேண்டும். நாலைந்து செடி வைத்தால் இன்று மூன்று, நாளை இரண்டு என்று பறித்து ஃப்ரிட்ஜில் சேர்த்து, கடைசியில் வதங்கிப் போகும்.

வடக்கு ஓரத்தில் 10-க்கு 8 அடிப் பந்தல். அங்கே போட்டால் மார்கழி, தை மாதத்தில் மற்ற செடி மேல் நிழல் விழாது. ஒன்றரை அடிக் குழி நாலு: பீர்க்கன், பாகல், புடலை, அவரை ஒவ்வொன்று. குழிக்கு 5 கிலோ தொழு உரம், நாலு விதை ஊன்றி இரண்டு செடி மட்டும் விடுங்கள். கொடி அவரையை ஆடியில் ஊன்றினால்தான் பனிக்காலத்தில் காய்க்கும். தையில் ஊன்றினால் கொடி ஓடும், பூ வராது. பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும். பந்தலடி நிழலில் சேப்பங்கிழங்கு வரும்.

கீரைப்பாத்தி:
மேற்கு மதிலோரம் கீரைக்கு என்றே இருக்கிறது, சாயங்கால நிழல் அதற்குத் தோதுதான். 16 அடி நீளம், 3 அடி அகலம் எடுத்து 4 அடியாக நாலு பாத்தி போடுங்கள். வாரம் ஒரு பாத்தி மட்டும் விதையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு: ஒரு வாரம் ஊருக்கே கொடுப்போம், அடுத்த மூன்று வாரம் கடைக்குப் போவோம்.

முளைக்கீரை 25-ஆம் நாள் வேரோடு பிடுங்கலாம். நாலு வாரச் சுற்று என்றால் 28 நாள். மிச்சம் மூன்று நாளில் கிளறி, உரம் போட்டு, அடுத்த விதை. ஒரு பாத்திக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, அதாவது வாரத்தில் இரண்டு நாள் கடையலோ மசியலோ.

விதை அரை டீஸ்பூன் போதும். பத்துப் பங்கு காய்ந்த மணலில் கலந்து தூவினால்தான் பரவலாக விழும். மேலே உரத்தூள் மெல்லிசாக; விரல் ஆழம் புதைந்தால் முளைக்காது. முளைக்காததற்கு இன்னொரு காரணம் எறும்பு, ராத்திரியோடு ராத்திரியாக விதையை இழுத்துப் போய்விடும். பாத்தியைச் சுற்றி ஒரு பிடி நொய் தூவிவிடுங்கள், அதன் பின்னால் போகும். தண்ணீரைப் பூவாளியில் தெளியுங்கள். ட்யூபை நேராகப் பிடித்தால் விதை எல்லாம் ஓரத்தில் ஒதுங்கும்.

நாலில் ஒரு பாத்தியை அரைக்கீரைக்கு விட்டாலும் நல்லது. இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

வேலியோரம்:
மிக்க நன்றி. ஆடியிலேயே தக்காளியும் நட்டுவிடலாமா? மிளகாயில் இலை சுருட்டை வந்தால் என்ன செய்வது? தக்காளி அடிப்பக்கம் கறுத்தால் முட்டை ஓடு போடச் சொல்கிறார்களே?

பூவாளி:
தக்காளிக்கு ஆடி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்க்கிற செடி அழுகும். புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டு, 25 நாள் நாற்றை மழை ஓய்ந்த இடைவெளியில் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். தை, மாசியில் காய்க்கும். வெயில் ஏறினால் பூ கொட்டிவிடும்.

அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். அதற்கு முக்கியக் காரணம் தண்ணீர் ஒழுங்கின்மை: நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குளம் கட்டுவது. முட்டை ஓடு மக்கப் பல மாதம் ஆகும், அந்தக் காய்ப்புக்கு உதவாது. அடியில் வைக்கோலோ சருகோ மூடாக்குப் போட்டு, ஈரம் ஒரே சீராக இருக்கப் பாருங்கள்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். வேப்பெண்ணெய் 5 மில்லியைக் காதி சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துக் கலக்கி, அதன் பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்துச் சாயங்காலம் இலையடியில் தெளியுங்கள். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கிவிடும். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்திப்பேன். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 3 கிராம். உச்சி வெயிலில் கந்தகம் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம்.

கத்திரியில் நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட்டால் அங்கிருந்தே அந்துப்பூச்சி கிளம்பும். வெண்டை இலை நரம்பு மஞ்சளாக வலை பின்னினால் மருந்து கிடையாது. வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் அது. அந்தச் செடியை அன்றே பிடுங்குங்கள்.

பந்தலில் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. பீர்க்கனும் புடலையும் சாயங்காலம் பூக்கும், பாகல் விடிகாலையில். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பிஞ்சோடு இருக்கிற பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூவாகவே வரும், பதற வேண்டாம்.

தண்ணீர்: நடைபாதை போகச் செடி நிற்கிற இடம் 22 சதுர மீட்டர். கோடையில் தினம் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், மொத்தம் 110 லிட்டர், ஏழெட்டுக் குடம். உப்புத் தண்ணீரை இலை மேல் படாமல் அடியில் விடுங்கள், ஓரம் கருகாது. கீரை முளைத்து வேர் பிடிக்கிற வரைக்குமாவது பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ தெளிக்க முடிந்தால் முளைப்பு கெடாது.