புதுப்பிப்பு: தினசரி விற்பனையில் எது நிஜ மாற்றம், எது தற்செயல்? (விடை கிடைத்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் பேக்கரி விற்பனை தினமும் ஏறி இறங்குகிறது, எந்தச் சரிவுக்குக் கவலைப்படுவது என்று கேட்டிருந்தேன்.

7 நாள் நகரும் சராசரி (ஒவ்வொரு நாளும் கடைசி 7 நாட்களின் சராசரி) உதவவில்லை. கோடு வழவழப்பானதுதான் மிச்சம்.

கைகொடுத்தது கட்டுப்பாட்டு வரைபடம்: ஒவ்வொரு நாள் விற்பனையையும் ஒரு புள்ளியாக வைத்து, சராசரியில் நடுக்கோடும் அதற்கு மேலும் கீழும் எல்லைக் கோடுகளும் போடுவது. 1924-இல் வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைத் தரக் கண்காணிப்புக்காக உருவாக்கியது. அடுத்தடுத்த நாட்களின் வித்தியாசங்களை, கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல், சராசரி எடுத்து 2.66-ஆல் பெருக்க வேண்டும். அதை விற்பனைச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. இடையில் ஆடுவதைப் பெரும்பாலும் இரைச்சல், அதாவது தற்செயல், என்று விட்டுவிடலாம்.

எதிர்பாராத ஒன்று: முதலில் எந்தப் புள்ளியும் எல்லையைத் தாண்டவில்லை. ஞாயிறு விற்பனை எப்போதுமே அதிகம். அந்த வாராந்திரத் தாவலே எல்லைகளை அகலமாக்கிவிட்டது. ஒருவர் சொன்னபடி அந்தந்தக் கிழமையின் சராசரியைக் கழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 8 புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்குக் கீழே. வெறும் தற்செயலில் குறிப்பிட்ட 8 புள்ளிகள் அப்படி விழ வாய்ப்பு 256-இல் 1 (ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அதுவும் எப்போதாவது வரும், சரி). தேதியைப் பார்த்தால், தெருவில் கால்வாய்க்குத் தோண்ட ஆரம்பித்த வாரம்.

செய்து பார்ப்பவர்கள் தீபாவளி வாரத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.