புதுப்பிப்பு: ஏற்காட்டில் நடந்து பழகியது காஷ்மீர் ஏரிகளுக்குப் போதுமானதாக இருந்ததா?

காஷ்மீர் ஏரிகள் மலைப்பாதைக்கு ஏற்காட்டில் நடந்து பழகினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். காலுக்குப் போதும், மூச்சுக்குப் போதாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான்; அந்தப் பாதையில் மிக உயரமான கட்சர் கணவாய் ஏறத்தாழ 4,200. அங்கே பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்றுதான் ஏறினேன். நடை தொடங்கும் சோனாமார்க்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்கச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

அப்புறம், இறக்கம். கடைசியில் கங்காபல் ஏரியிலிருந்து நாராநாக் கிராமம் வரை 1,200 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். கிட்டத்தட்ட ஏற்காட்டிலிருந்து நம் அடிவாரம் வரைக்கும் உள்ள உயரம். முட்டி கெஞ்சிவிட்டது. நான் வாராவாரம் ஏறினேனே தவிர, திரும்பும்போது பஸ் பிடித்துவிட்டேன். நீங்கள் நடந்தே இறங்கிப் பழகுங்கள், முதுகில் பையோடு.

விஷன்சர் ஏரியின் நீலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.