காதில் விழாதவனுக்கும் 59: இது என்ன போட்டி?

மோர்ஸ் மாமா, பினாங்கு:
போன வாரம் கோலாலம்பூரில் புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் நடந்ததாம். பேசியவர் ஒரு போட்டிப் புலி. போட்டி என்றால் குறித்த நேரத்துக்குள் முடிந்த அளவு நிலையங்களை ரேடியோவில் பிடிப்பது. "போட்டியில் இறங்காதவன் ஹாம் இல்லை, மாமாக் கடையில் தே தாரேக் குடித்துப் பொழுதைப் போக்குகிறவன்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். ஒலிப்பதிவை மருமகன் அனுப்பினான். சரி, தே தாரேக்கை விடுகிறேன். அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்: "அக்டோபர் போட்டியில் உலகமே எங்களை 59 என்று கேட்டது."

59 என்றால் முழுத் தெளிவு, முழு வலிமை. உலகம் யாரைத்தான் 59 என்று சொல்லவில்லை? போட்டியில் யாராவது யாருக்காவது 43 கொடுத்துப் பார்த்ததுண்டா? தொடர்புகளைப் பதியும் லாக் மென்பொருளில் கால்சைனை (நிலையத்தின் அடையாளப் பெயரை) அடித்ததும் 59 தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆப்பரேட்டர் சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன அக்டோபரில் நானே கேட்டேன். பிரேசில்காரர் ஒருவர் ஒரு மலேசிய நிலையத்திடம் "இன்னொரு முறை, இன்னொரு முறை, கடைசி எழுத்து என்ன" என்று கெஞ்சினார். ஒருவழியாகக் கால்சைன் பிடிபட்டதும், "நன்றி, 59" என்றார். காதில் விழாதவனுக்கு 59. இதற்குப் பேர் பொய் இல்லையா? புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடமே பொய்யா?

செந்தூல் சிக்னல்:
அந்தப் புலி நான்தான், மாமா. முழுப் பேச்சையும் கேட்காமல் ரெண்டு வரியை வெட்டிக்கொண்டு வந்தால் எப்படி?

அந்த அக்டோபர் போட்டி, சிக்யூ உலகப் போட்டி, 48 மணி நேரம். நமக்குச் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 8 மணிக்கு முடியும். பைல் அப்பில் அத்தனை குரலும் ஒன்றாக மோதும்போது ஆளாளுக்கு மீட்டர் பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? 59 என்பது வணக்கம் சொல்கிற மாதிரி. உண்மையில் பரிமாறிக்கொள்வது கால்சைனும் மண்டல எண்ணும்தான். உலகத்தைப் பிரித்த மண்டலங்களில் நமக்கு 28. கால்சைனில் ஒரு எழுத்து தப்பினால் லாக் சோதனையில் அந்தத் தொடர்பும் போகும், மேற்கொண்டு அபராதமும் விழும். அங்கே யாரும் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
வணக்கமா? அப்படியானால் வணக்கம் என்றே சொல்லுங்கள். எண் எதற்கு? எண் என்று வந்தால் அளந்திருக்க வேண்டும். அளக்காத எண் பொய்.

ஆயர் ஈத்தாம் டைபோல்:
சண்டைக்கு முன்னால் எதை 59 என்கிறோம் என்று பார்த்துவிடலாமா? இந்த முறையை 1934இல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க ஹாம் கொண்டுவந்தார். முதல் எண், பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது. 1 முதல் 5 வரை. இரண்டாவது வலிமை; 1 முதல் 9 வரை. எச்எஃப் என்கிற குறுஅலையில் எஸ்9 என்றால் ரிசீவரின் ஆன்டெனா முனையில் 50 மைக்ரோவோல்ட். அதற்குக் கீழே ஒவ்வொரு எஸ்ஸுக்கும் 6 டெசிபல் இறங்க வேண்டும். நம்மில் எத்தனை பேருடைய ரிக்கில் (ரேடியோ செட்டில்) மீட்டர் இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது? என்னுடையது எஸ்3க்குக் கீழே செத்த மாதிரி கிடக்கும். போட்டியில் இல்லாதபோது நாம் கொடுக்கும் "உண்மையான" ரிப்போர்ட்டும் பாதி ஊகம்தான்.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
தம்பி, மைக்ரோவோல்ட்டைப் பரீட்சையில் எழுது. நான் கேட்டது ஒரே கேள்வி. காதில் விழாதவனுக்கு 59 கொடுப்பது பொய்யா, இல்லையா? செந்தூல்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

செந்தூல் சிக்னல்:
சொல்லிவிட்டேன். வழக்கம். பொய் இல்லை.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
திருடனும் வழக்கம் என்றுதான் சொல்வான்.

கிள்ளான் கோக்ஸ்:
இந்த 59 கிடக்கட்டும். அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. இந்தப் போட்டியில் வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி, அதே கண்டத்தில் வேறு நாட்டோடு பேசினால் 1. இந்தோனேசியா ஓசியானியாக் கணக்கு. பினாங்கிலிருந்து நீரிணையைத் தாண்டினால் மேடான், அவனைப் பிடித்தால் 3 புள்ளி. ஜப்பான் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பிடித்தால் 1 புள்ளி. இதைவிடக் கூத்து, நம் சபாவும் சரவாக்கும் ஓசியானியா. ஒரே நாட்டுக்காரன், ஒரே அகோங் (மாமன்னர்), ஆனால் கோத்தா கினாபாலு நண்பரோடு பேசினால் எனக்கு 3 புள்ளி!

செந்தூல் சிக்னல்:
அண்ணே, அந்த 3 புள்ளியை நீங்களும் வாங்கித்தானே வைத்திருக்கிறீர்கள். போன வருஷம் உங்கள் லாக்கில் 40 மீட்டர் அலைவரிசை முழுக்க இந்தோனேசியாதான். அப்போது அநியாயம் தெரியவில்லையா?

கிள்ளான் கோக்ஸ்:
கொடுத்தால் வாங்கத்தான் செய்வேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப அது மொய்ப்பணமா?

மோர்ஸ் மாமா, பினாங்கு:
பேச்சை மாற்றாதீர்கள். மேடான்காரனுக்கும் 59, ஜப்பான்காரனுக்கும் 59. கிள்ளான் சொல்வதிலேயே என் கட்சி நிரூபணமாகிவிட்டது.

கிள்ளான் கோக்ஸ்:
நான் எதையும் நிரூபிக்கவில்லை, மாமா. மேடான் எனக்கு நிஜமாகவே 59 அடிக்கும். மீட்டர் முள் வலது பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆயர் ஈத்தாம் டைபோல்:
மாமா, அளந்த எண்தான் வேண்டும் என்றால் உங்களுக்கு ஏற்றது எஃப்டி8, கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் டிஜிட்டல் முறை. அதில் ரிப்போர்ட்டை மென்பொருளே டெசிபலில் கணக்கிட்டு அனுப்பும். மைனஸ் 17 என்றால் மைனஸ் 17தான். யாரும் யாருக்கும் முகஸ்துதி செய்வதில்லை. 2017இல் அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், 1993இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர்.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
எஃப்டி8 ரேடியோவே இல்லை. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் குசுகுசுவென்று பேசிக்கொள்வதை நாம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. நோபல் வாங்கினால் என் காதுக்கு என்ன வந்தது? 2003இல் ஜெனீவா மாநாட்டில் லைசென்ஸுக்கு மோர்ஸ் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு அந்தந்த நாட்டு இஷ்டம் என்று விட்டார்களே, அன்றைக்கு ஆரம்பித்த சரிவு இது.

செந்தூல் சிக்னல்:
அளக்காமல் கொடுத்தால் பொய். அளந்து கொடுத்தால் ரேடியோ இல்லை. மாமாவுக்கு ஒரே வழிதான் இருக்கிறது, உலக டிஜிட்டல் போட்டி. அதில் ரிப்போர்ட்டே கிடையாது, உலக வரைபடத்தில் நாம் இருக்கும் கட்டத்தை மட்டும் சொன்னால் போதும். நீங்கள் ஓஜே05, நான் ஓஜே03. பொய் சொல்ல வாய்ப்பே இல்லை. வருகிறீர்களா?

மோர்ஸ் மாமா, பினாங்கு:
நக்கல் வேண்டாம். மோர்ஸிலும் இந்த வியாதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், 599 (மூன்றாவது எண் தொனிக்கு) என்பதை 5என்என் என்று சுருக்கி அடிக்கிறார்கள். பொய்யைக்கூட முழுசாகச் சொல்லச் சோம்பல்.

பிறை அக்கா:
மாமா, போட்டியே வேண்டாம் என்கிற நீங்கள் ஜப்பான் நடத்தும் ஆசியப் போட்டிக்கு மட்டும் ஏன் தவறாமல் வருகிறீர்கள்? தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் போட்டியில் 59க்குப் பிறகு மண்டலம் இல்லை, ஆப்பரேட்டரின் வயது. பெண்கள் 00 என்று சொல்லிவிடலாம். நான் 00தான். மாமா ஒரு வருஷம் "59 59" என்று கொடுத்தார், வயது நிஜமாகவே 59, கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருஷமும் "59 59". அதற்கடுத்த வருஷமும் அதேதான். அளக்காத எண் பொய் என்று யாரோ மேலே எழுதியிருந்தார்கள்.

கிள்ளான் கோக்ஸ்:
அக்கா, தாங்க முடியவில்லை.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
பிறை அக்கா என்பவர் 00 என்று சொல்லிவிட்டு மற்றவர் வயதை எண்ணுகிறார். நான் கொடுத்தது அடையாள அட்டையில் உள்ளதா, நட்சத்திரப்படியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறந்த தேதியைத் தோட்டத்தில் பதியும்போதே தப்பாகப் பதிந்தார்கள். அது வேறு விஷயம். இது 59 பற்றிய விவாதம்.

பிறை அக்கா:
நானும் 59 பற்றித்தான் பேசுகிறேன், மாமா.

ஆயர் ஈத்தாம் டைபோல்:
அடையாள அட்டையில் தப்பு இருந்தாலும் வருஷத்துக்கு ஒன்று கூட வேண்டுமே?

மோர்ஸ் மாமா, பினாங்கு:
தம்பி, நீ லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால் நான் ஆன்டெனா கட்டியவன். நீ மூன்றாவது மாடிக் கம்பிக்கும் தென்னை மரத்துக்கும் நடுவே துணிக்கொடி மாதிரி டைபோல் கட்டியிருக்கிறாயே, அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தது யார்? அக்டோபர் மழையில் இடி விழும்போது ஆன்டெனாவிலிருந்து வரும் கோக்ஸ் வயரைக் கழற்றிக் கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு வை என்று ராத்திரி போன் பண்ணிச் சொன்னது யார்? போத்தல்கூட என் வீட்டு ஊறுகாய்ப் போத்தல்.

ஆயர் ஈத்தாம் டைபோல்:
நீங்கள்தான் மாமா. அதற்கு நன்றி. வயசுக் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

நடுவர்:
தனிப்பட்ட விஷயங்களைத் தவிர்க்கவும். தலைப்புக்கு வரவும்.

செந்தூல் சிக்னல்:
தலைப்புக்கே வருகிறேன். போட்டி என்றால் என்ன என்று மாமாவுக்குக் காட்டத்தான் அன்று பேசினேன். 2016இல் தீபாவளி 29 அக்டோபர், சனிக்கிழமை. அதே நாள் காலை 8 மணிக்குப் போட்டி. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, இட்லியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ரிக் முன்னால் உட்கார்ந்தேன். 15 மீட்டர் திறந்ததும் ஜப்பான் வரிசையாக வந்தது. விருந்தாளிகள் கூடத்தில், நான் உள்ளே "சிக்யூ கான்டெஸ்ட்". அந்த உழைப்பை ஒரே வார்த்தையில் பொய் என்றால் கோபம் வராதா?

பிறை அக்கா:
தம்பி, இதைப் பெருமையாக வேறு எழுதுகிறாயா? முறுக்குத் தட்டை யார் நீட்டியது, மாமியார் வீட்டுக்காரர்களை யார் வாசலில் போய் வரவேற்றது, அதையும் எழுது. அன்றைக்கு உன் வீட்டுக்காரி என்னிடம் போனில் என்ன சொன்னாள் என்று இங்கே எழுதினால் நடுவர் வெட்டிவிடுவார்.

செந்தூல் சிக்னல்:
அக்கா, அது குடும்ப விஷயம்.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
ஆக, தீபாவளியன்று பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் 59 கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்காரிக்கு என்ன ரிப்போர்ட் கொடுத்தாராம்?

செந்தூல் சிக்னல்:
மாமா, எல்லை தாண்டுகிறீர்கள். நான் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், நீங்கள் போட்டி ஆட்கள் மேல் காண்டாக இருப்பது 59க்காக இல்லை. போட்டி வார இறுதியில் 40 மீட்டரில் உங்கள் அரட்டைக்கு இடம் கிடைப்பதில்லை. அவ்வளவுதான்.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
அரட்டை இல்லை, நெட். ரேடியோவில் கூடிப் பேசுவது. ஒருத்தருக்கொருத்தர் உடம்பு எப்படி, வெள்ளம் வந்ததா என்று விசாரிப்பது. அதில் 47 என்றால் 47 என்று சொல்வோம். "இன்றைக்கு உங்கள் குரல் கொஞ்சம் இறங்கி வருகிறது" என்று சொல்வோம். ஒருநாள் அப்படிச் சொன்னதால்தான் நண்பர் ஒருவர் மேலே ஏறிப் பார்த்து, கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். உங்கள் ஆளாக இருந்தால் 59, 59 என்று சொல்லிச் சொல்லியே அவர் ரிக்கை எரித்திருப்பீர்கள்.

ஆயர் ஈத்தாம் டைபோல்:
இது நல்ல பாயின்ட்.

செந்தூல் சிக்னல்:
என்ன நல்ல பாயின்ட்? நெட்டில் ரிப்போர்ட் உதவும், அதை யார் மறுத்தது? போட்டியில் ஒருவனைப் பிடித்துவிட்டேன், அவன் என்னைப் பிடித்துவிட்டான், அடுத்த ஆள். அங்கே 47 சொன்னால் எதிர்முனை குழம்பி "என்ன, திரும்பச் சொல்" என்பான். பத்து விநாடி போச்சு.

மோர்ஸ் மாமா, பினாங்கு:
பத்து விநாடிக்காகப் பொய். அதை அவர் வாயாலேயே எழுதிவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் சிக்னல்:
நான் அப்படி எழுதவில்லை!

மோர்ஸ் மாமா, பினாங்கு:
மேலே இருக்கிறது. சரி, வாய் திறந்ததும் திறந்தீர்கள், அந்த முப்பது மீட்டர் கோக்ஸ் எங்கே? போன வருஷம் களப்பயிற்சிக்கு என்று பினாங்கிலிருந்து பஸ்ஸில் அனுப்பினேன். புத்தம் புதிது, இரண்டு முனையிலும் நானே பற்றவைத்த கனெக்டர். அது திரும்பி வரவில்லை. போட்டி நிலையத்தின் படத்தை நீங்கள் போட்டபோது ஜன்னல் வழியாக ஒரு கறுப்பு வயர் போகிறதே, அதன் முனையில் சிவப்பு டேப். சிவப்பு டேப் சுற்றுவது யார் பழக்கம்?

செந்தூல் சிக்னல்:
ஊரில் சிவப்பு டேப் உங்களிடம் மட்டும்தான் விற்கிறதா? களப்பயிற்சி முடிந்ததும் எல்லாவற்றையும் கிள்ளான் வண்டியில்தான் ஏற்றினோம். அவரைக் கேளுங்கள்.

கிள்ளான் கோக்ஸ்:
பேரில் கோக்ஸ் இருந்தால் வீட்டில் கோக்ஸ் இருக்குமா? என் வண்டியில் ஏறியது ஜெனரேட்டரும் இரண்டு மேசையும். பெட்ரோல் காசே இன்னும் வரவில்லை, அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

புதிய ஹாம் காஜாங்:
வணக்கம். அந்த விளக்கக் கூட்டத்தில் இருந்த புது ஆட்களில் நானும் ஒருவன். 40 மீட்டருக்கு முதல் டைபோல் கட்டப் போகிறேன். ஒரு பக்கம் சுமார் பத்து மீட்டர் வயர் என்று படித்தேன், சரிதானா? கோக்ஸ் எது வாங்கலாம்?

மோர்ஸ் மாமா, பினாங்கு:
நீளம் சரி, கொஞ்சம் கூட விட்டுப் பிறகு வெட்டு. கோக்ஸ் வாங்காதே தம்பி. செந்தூலுக்குப் போய் ஜன்னல் பக்கம் பார். முப்பது மீட்டர், சிவப்பு டேப். மாமா சொன்னார் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போ.