புதுப்பிப்பு: எங்கள் செக்கு எண்ணெய் இணையதளம்

எங்கள் இணையதளத்தில் பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த படங்களைத் தூக்கினேன். இப்போது முகப்பில் எங்கள் வாகை மரச்செக்கு, பக்கத்தில் கை நிறைய கடலைப் புண்ணாக்கோடு அம்மா. படம் கொஞ்சம் மங்கல்தான், இருக்கட்டும். அடியில் 14 இலக்க உணவு உரிம எண், முழு முகவரி. அப்புறம் புகார் கேட்பவரின் பெயரும் எண்ணும். 2020 மின்வணிக விதிகளின்படி அது கட்டாயம். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும்.

நேற்று ஓசூரிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "செக்கைப் பார்த்தேன் தம்பி, அதான் அஞ்சு லிட்டர் போட்டேன்" என்றார். பாட்டில் உடைந்து வந்தால் என்ன செய்வோம் என்பதை இன்று எழுதப் போகிறேன்.